ரூட்டுக்கு இசட்ஷெல் வைக்கலாம்னு சொன்ன மகராசன் யாரு?

பேட்டை_ரூட்:
நேத்து ஒருத்தர், "ரூட் கணக்குக்கு இசட்ஷெல் வச்சா ஒண்ணும் ஆவாது, பழைய ஆளுக சும்மா பயங்காட்டுதாங்க"ன்னு எழுதிட்டுப் போயிருக்காரு. ரூட்டுன்னா மிஷினோட முழு அதிகாரம் உள்ள கணக்கு, ஷெல்லுன்னா கட்டளை தட்டுத புரோகிராம், இசட்ஷெல் (zsh) அதுல ஒரு வகை. ஒண்ணே ஒண்ணு கேக்கேன் வே. ஃப்ரீபிஎஸ்டிங்கிற யூனிக்ஸ் வகை ஓஎஸ்ல இசட்ஷெல் எங்கன கெடக்கு? யுஎஸ்ஆர் லோக்கல் பின் (/usr/local/bin) ஃபோல்டர்ல. டிஸ்க் அடிவாங்கி, யுஎஸ்ஆர் மவுண்ட் ஆகலேன்னா, அதாவது அந்தப் பகுதி சிஸ்டத்தோட சேரலேன்னா, ரூட்டா எப்படி உள்ள போவீரு?

தென்காசி_சாரல்:
அந்த ஒருத்தர் நான்தான் அண்ணாச்சி, பேரச் சொல்லியே வையலாம். ரிப்பேர் பாக்குற சிங்கிள் யூசர் மோடுல பூட் பண்ணா எந்த ஷெல் வேணும்னு அதுவே கேக்கும். சும்மா என்டர் தட்டுனா பின் (/bin) ஃபோல்டர்ல இருக்க எஸ்ஹெச் (sh)ங்கிற அடிப்படை ஷெல் வந்துரும். பாஸ்வேர்ட் ஃபைல்ல ரூட்டுக்கு என்ன ஷெல் எழுதியிருக்குன்னு அது பாக்கவே பாக்காது.

பேட்டை_ரூட்:
மிஷின் முன்னால உக்காந்திருந்தா சரி. சர்வர் சென்னையில, நீரு குத்தாலத்துல குளிச்சிட்டு இருக்கீரு. அப்போ யுஎஸ்ஆர் மவுண்ட் ஆகலேன்னா?

பாளை_பென்குயின்:
அப்போ தூரத்துல இருந்து உள்ள விடுற எஸ்எஸ்ஹெச் டீமனே ஓடாதே அண்ணாச்சி! அதுவும் யுஎஸ்ஆர் எஸ்பின்லதான இருக்கு. ரூட்டுக்கு எந்த ஷெல் வச்சாலும் குத்தாலத்துல இருந்து உள்ள போவ முடியாது.

பேட்டை_ரூட்:
லினக்ஸ்காரங்க இதுல தலையிடாதீங்க. நான் கேட்டது யுஎஸ்ஆர் மவுண்ட் ஆகலேன்னா என்னன்னு.

பாளை_பென்குயின்:
லினக்ஸ்ல அந்தக் கேள்வியே இல்ல. டெபியன் 12ங்கிற லினக்ஸ்ல பின்ங்கிறதே யுஎஸ்ஆர் பின்னுக்குப் போற லிங்க்தான். எஸ்ஹெச்சும் அங்கதான் இருக்கு. ரெஸ்க்யூ மோடுக்குப் போனா எஸ்யூலாகின்ங்கிற லாகின் புரோகிராம் முதல்ல ரூட்டோட ஷெல்லப் பாக்கும், அது ஓடலேன்னா எஸ்ஹெச்சுக்கு எறங்கிரும்.

பேட்டை_ரூட்:
ஆமா, 2014ல ஷெல்ஷாக்குங்கிற பாதுகாப்பு ஓட்டை வந்தப்போ உங்க பாஷ் ஷெல் பட்ட பாடு ஊரே பாத்துச்சு.

பாளை_பென்குயின்:
அதுக்கும் ரூட்டோட ஷெல்லுக்கும் என்ன சம்பந்தம்? வெப்சர்வர்ல புரோகிராம ஓட்டுற சிஜிஐ வழியா என்விரான்மென்ட் வேரியபிள்ல கோடத் திணிச்சது அது. கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியலேன்னா பழசக் கெளர்றது!

பேட்டை_ரூட்:
சரி, யுஎஸ்ஆர் மவுண்ட் ஆயிட்டுன்னே வச்சுக்கிடும். பேக்கேஜ் அப்கிரேட் போட்டீரு, பாதியில நின்னுட்டு. இசட்ஷெல் தேடுத லைப்ரரி பழைய வெர்ஷன் போயி புதுசு வரல. லாகின் பண்ணா ஷேர்டு லைப்ரரி இல்லன்னு ஒத்த வரியத் துப்பிட்டு வெளிய தள்ளும். ஓஎஸ்ஸோடயே வார பேஸ் சிஸ்டத்துல இருக்க எஸ்ஹெச்சுக்கு இந்தக் கேடே கெடையாது. ஃப்ரீபிஎஸ்டிக்காரனே 14.0ல ரூட்டுக்கு இருந்த சிஎஸ்ஹெச் ஷெல்ல எடுத்துட்டு எஸ்ஹெச் வச்சிட்டான். அவன் என்ன கோட்டிக்காரனா?

மேலப்பாளையம்_டெர்மினல்:
ஃப்ரீபிஎஸ்டியில டூர்னு (toor) ஒரு கணக்கு இருக்கே, அதுக்கும் யுஐடி ஜீரோதான், ரூட் மாதிரியே முழு அதிகாரம். பிடிச்ச ஷெல்ல அதுக்கு வச்சிக்கிட்டு ரூட்டத் தொடாம விட்டா என்ன?

பேட்டை_ரூட்:
டூரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எஸ்ஹெச்ல லாகின் பண்ணிட்டு எக்ஸெக் கட்டளை போட்டு இசட்ஷெல்லுக்கு மாறும். தென்காசிக்காரரு இன்னும் பதில் சொல்லல. ரூட் ஷெல்ல மாத்துனா, நேரத்துக்குத் தானா ஓடுத கிரான் வேலையெல்லாம் அந்த ஷெல்லுலதான் ஓடும்னு போன தடவ அளந்தவருதான!

தென்காசி_சாரல்:
நான் எங்க சொன்னேன்? கிரான் எஸ்ஹெச்லதான் ஓட்டும், வேற வேணும்னா கிரான்டேப்புங்கிற அதோட ஃபைல்ல ஷெல் (SHELL) வரியில எழுதணும். அதச் சொன்னதே நான்தான். போயிப் படிங்க.

பேட்டை_ரூட்:
படிச்சாச்சு. தென்காசிதான் 2019லயே தனி மாவட்டமாப் போயாச்சே, நெல்லைக்காரங்க பேச்சுல உமக்கு என்ன சோலி?

தென்காசி_சாரல்:
மாவட்டத்தப் பிரிச்சது கவர்மென்ட்டு. எங்க சித்தாத்துத் தண்ணி இன்னும் உங்க தாமிரபரணியிலதான வந்து விழுது? அத வேண்டாம்னு சொல்லுங்க பாப்போம்.

பேட்டை_ரூட்:
விழுறது சீவலப்பேரியில. எங்க ஊரத் தாண்டிக் கீழ. உம்ம தண்ணியில ஒரு சொட்டு எங்களுக்கு வாரதில்ல வே. மேப்பும் தெரியல, மவுண்ட்டும் தெரியல.

மேலப்பாளையம்_டெர்மினல்:
டூர் பத்திக் கேட்டேனே, யாராவது வச்சிருக்கீங்களா?

பாளை_பென்குயின்:
அண்ணாச்சி, எஸ்எஸ்ஹெச் டீமனும் யுஎஸ்ஆர்லதான் இருக்குன்னு சொன்னதுக்கு இன்னும் பதில் வரல.

பேட்டை_ரூட்:
உமக்குத் தனியா வாரேன். மொதல்ல சீவலப்பேரிய முடிச்சிக்கிடுதேன்.