லேண்டிங் ஸ்பேஸ்: 'இறங்கிடம்' என்று வைக்கலாமா?

வணக்கம்.

கூடைப்பந்துச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், ஓர் ஆட்டக்காரருக்கு உரிய இடத்தைக் குறிக்கும் 'சிலிண்டர்' என்பதற்கு 'ஆள்வெளி' என்று முந்தைய மடலில் சொல்லியிருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளி என்றதும் எல்லை எது என்ற கேள்வி வரும். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் எல்லை தெளிவாக இருக்கிறது: முன்னால் உள்ளங்கை, பின்னால் பிட்டம், பக்கங்களில் கை கால்களின் வெளி விளிம்பு. ஆளுக்கு மேலே உள்ள இடமும் சேர்த்தி. இதற்கு 'உருளை' போதும். பள்ளிக் கணக்கில் எல்லோரும் படித்த சொல்.

நேராக மேலே எம்பும் உரிமையான 'வெர்ட்டிகாலிட்டி'க்கு 'நேரெழுச்சி' சரி. தடுப்பவர் கைகளை உயர்த்தித் தன் உருளைக்குள் நேராக எம்பினால், பந்தைக் கூடைக்கு எறியும் ஷூட்டர் வந்து மார்பில் மோதினாலும் அவர்மேல் ஃபவுல் இல்லை. கை முன்னால் சாய்ந்து பட்டால்தான் விசில்.

சிக்கல் எம்பியவர் கால் ஊன்றி இறங்கும் இடமான 'லேண்டிங் ஸ்பேஸ்'தான். அதையும் உருளையின் ஒரு பகுதியாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். ஷூட்டர் எம்பிய இடத்திலேயே இறங்கினால் பரவாயில்லை. மூன்று புள்ளி எறிபவர் பலமுறை ஓரடி முன்னால்தான் இறங்குகிறார். அந்த இடம் அவர் உருளைக்கு வெளியே. ஆனாலும் அவர் எம்பிய நொடியில் அந்த இடமும் அதற்கான பாதையும் காலியாக இருந்திருந்தால், அங்கே இறங்க அவருக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு தடுப்பவர் காலை உள்ளே வைக்கக் கூடாது. ஆக, உருளையில் நடுவர் பார்ப்பது யார் எங்கே நின்றார் என்பதை. இதில் யார் எப்போது வந்தார் என்பதை.

2017இல் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் மேற்குப் பிரிவு இறுதியின் முதல் ஆட்டத்தில், எம்பி எறிந்த காவாய் லெனர்ட் இறங்கியது தடுக்க வந்த சாசா பச்சூலியாவின் கால்மேல். கணுக்கால் பிசகி, அந்தத் தொடரில் அவர் மறுபடி ஆடவில்லை. அடுத்த பருவத்திலிருந்து இத்தகைய ஃபவுலை நடுவர்கள் வீடியோவில் பார்த்துக் கடுமையாக்க வழி வந்தது.

'இறங்குதளம்' வேண்டாம், ஹெலிகாப்டர் வந்துவிடும். என் ஓட்டு 'இறங்கிடம்'. "இறங்கிடத்தில் கால் வைத்தார்" என்று நடுவர் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஷூட்டர் வேண்டுமென்றே காலை நீட்டி உதைத்தால் அது இறங்கிடத்தில் சேராது. என்பிஏ 2021-22 முதல் அதை ஷூட்டரின் ஃபவுலாகவே கறாராகப் பார்க்கிறது.

அப்புறம், ஃபவுலை ஃபவுலாகவே விடுவோம். 'தவறு' என்று எழுதினால், ஆளோடு மோதாத விதிமீறலான வயலேஷனோடு குழம்பும்.