ஷன்னாராவின் வாள்: நகலா, புதுக்கதையா?

கதிர்:
டெர்ரி புரூக்ஸின் மாயக்கதை நாவல் 'ஷன்னாராவின் வாள்' வந்தது 1977-இல். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊருக்கு மந்திரவாதி வருகிறார், கரிய வேட்டைக்காரர்கள் துரத்துகிறார்கள், ஆலோசனை நடக்கிறது, பல இனத்தார் சேர்ந்து புறப்படுகிறார்கள், பாதி வழியில் மந்திரவாதி நெருப்புக்குழியில் விழுந்து பிறகு உயிரோடு வருகிறார். இதற்குப் பெயர் நகல்.

மீனா:
டோல்கீன் மட்டும் என்ன? அவருடைய 'தி ஹாபிட்' (1937) நாவலின் குள்ளர்களில் தோரின், பிஃபுர், பொம்புர், ஃபிலி, கிலி எல்லாரும் 'வோலுஸ்பா' என்ற பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) கவிதையின் பட்டியலில் இருக்கிறார்கள். அவருடைய மந்திரவாதியின் பெயரான காண்டால்ஃப் என்பதும் அதில் ஒரு குள்ளன் பெயர். டிராகன் குகையில் கோப்பை திருடுவது 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் காட்சி.

கதிர்:
அந்தக் கோப்பையையே பார்ப்போம். 'பேவுல்ஃப்'-இல் அதைத் திருடுபவன் பெயர் தெரியாத ஓர் அடிமை. கதை அவனை விட்டுவிட்டு அரசனிடம் போய்விடுகிறது. டோல்கீன் திருடனையே நாயகனாக்கினார். ஸ்மௌக் என்ற டிராகனிடம் அந்த நாயகன் பில்போ தன்னைப் 'பீப்பாயில் வந்தவன்' என்று சொல்லிக்கொள்கிறான். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஏரி நகரத்தார் உதவியதை ஸ்மௌக் ஊகித்து அவர்களை எரிக்கப் போகிறது. மூலத்தில் இல்லாத காரணம் இது.

மீனா:
பேசும் டிராகனும், அதனிடம் பெயரை மறைக்கும் நாயகனும் ஃபாஃப்னிர் என்ற டிராகனின் பழைய நார்ஸ் கதையில் உண்டு. பீப்பாய் டோல்கீனுடையது, ஒப்புக்கொள்கிறேன். அதே அளவுகோலைப் புரூக்ஸுக்கும் வையுங்கள். டோல்கீனின் மோதிரம் அழிக்க வேண்டிய பொருள். இந்த வாளோ உண்மையைக் காட்டுவது. நாயகன் ஷியா முதலில் தன்னைப் பற்றிய கசப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. வில்லன் வார்லாக் லார்ட், தான் என்றோ செத்தவன் என்பதைத் தாங்க முடியாமல் அழிகிறான். டோல்கீனில் இது எங்கே?

அருள்:
எழுதுகிறவர்களுக்கு ஒரு சோதனை. தாளின் இடப்பக்கம் மூலத்தின் காட்சிகள், வலப்பக்கம் உங்களுடையவை, காட்சிக்கு ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதனால் என்ன மாறியது' என்றும் எழுதுங்கள். தொடர்ந்து நாலைந்து வரிகளில் விளைவும் ஒன்றாக இருந்தால், பெயரை மாற்றிப் பயனில்லை. காண்டால்ஃப் விழுந்தபின் குழு தலைமையில்லாமல் தடுமாறி உடைகிறது. வெள்ளுடையில் திரும்புகிறவர் கூடுதல் அதிகாரத்தோடு வருகிறார். புரூக்ஸின் மந்திரவாதி அலனன் விழுந்து எழுந்தும் அதே அலனன்தான். புரூக்ஸ் சறுக்கியது இங்கேதான் என்பேன்.

கதிர்:
அதேதான். முடிவு புரூக்ஸுடையது, மறுக்கவில்லை. ஆனால் உண்மை காட்டும் வாளைத் தேடிப் போகிறவர்கள் வழியெல்லாம் ஒருவரிடம் ஒருவர் மறைத்தவை கனத்திருக்க வேண்டாமா?

மீனா:
அலனன் வாளின் குணத்தை மறைத்துத்தானே ஷியாவை அழைத்துப் போகிறார்? அதை மனதில் வைத்து அலனன் பேசும் இடங்களை மட்டும் திரும்பப் படியுங்கள், கதிர்.