உறவுசார் ஒப்பந்தமா, தொடருறவு ஒப்பந்தமா?

வணக்கம்.

> ரிலேஷனல் காண்ட்ராக்ட் = உறவுசார் ஒப்பந்தம். அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. ‘உறவு’ என்றதும் மாமன் மச்சான்தான் நினைவுக்கு வருவார்கள். பாகப்பிரிவினைப் பத்திரமோ என்று கேட்பார்கள். இந்தக் கோட்பாட்டை வளர்த்த ஒப்பந்தச் சட்ட அறிஞர் இயன் மெக்நீல் சொன்னது வேறு. நெடுஞ்சாலையில் எப்போதோ போகிறவர் ரொக்கம் கொடுத்துப் பெட்ரோல் போடுவது ஒரு முனை. வருடக்கணக்கில் சரக்கு வாங்கி விற்கும் இருவரின் கொடுக்கல் வாங்கல் மறுமுனை. அதில் தாளில் ஏறாத சங்கதிகளே அதிகம். ஆகவே மறுமுனைக்கு ‘தொடருறவு ஒப்பந்தம்’, பெட்ரோலுக்கு ‘ஒற்றைப் பேரம்’ என்பேன்.

சர்வதேச விற்பனையில் இது எங்கே வருகிறது? நாடுகளுக்கிடையிலான சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான 1980-இன் வியன்னா உடன்படிக்கையில், 8-ஆம் பிரிவில். தரப்பினரின் எண்ணத்தை அறிய, முன்பு பேசியதையும் பின்னால் நடந்துகொண்டதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது அது. ஃபுளோரிடா டைல்ஸ் வியாபாரி ஒருவர் போலோனியா கண்காட்சியில் இத்தாலிய உற்பத்தியாளரோடு வாய்மொழியாகப் பேசி முடித்து, ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். படிவம் இத்தாலிய மொழியில். அவருக்கு அது தெரியாது. புகார் இருந்தால் 10 நாளுக்குள் பதிவுத் தபாலில் எழுத வேண்டும் என்று பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது. அந்த நிபந்தனைகள் தங்களைக் கட்டுப்படுத்தாது என்றே இரு தரப்பும் எண்ணியிருந்தன என்பதற்கான சாட்சியத்தைத் தள்ளக் கூடாது என்று 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உற்பத்தியாளர் பக்கத்து ஆட்களே அப்படிப் பிரமாணம் கொடுத்திருந்தார்கள்!

அப்புறம், 9-ஆம் பிரிவு. அதில் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒரு தொழிலில் எல்லோரும் கைக்கொள்வது ஒன்று. இந்த இருவருக்குள் மட்டும் படிந்துபோனது இன்னொன்று. நாம் இரண்டையும் ‘நடைமுறை’ என்று எழுதிக் குழப்புகிறோம். முதலாவது ‘வணிக வழக்கம்’. இரண்டாவதற்குக் கடைத்தெருவிலேயே சொல் இருக்கிறது: ‘வாடிக்கை’. ‘எங்களுக்குள் அதுதான் வாடிக்கை’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் என்ற சொல்லை வங்கிகள் எடுத்துக்கொண்டதால் அதன் பழைய சூடு கொஞ்சம் ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

என் சொல்லுக்கு நானே ஒரு தடை சொல்லிவிடுகிறேன். எந்தப் பேரத்திலும் உறவின் சாயல் கொஞ்சமாவது இருக்கும் என்பது மெக்நீலின் வாதம். ‘தொடர்’ என்று சேர்த்தால் அது விடுபடுகிறது. சரி, அந்த இடத்தில் மட்டும் ‘உறவுத்தன்மை’ என்று எழுதலாம். ஒப்பந்த வகைக்குத் ‘தொடருறவு’ போதும் என்றே படுகிறது. கோட்பாட்டைக் குறிக்கும்போது ‘தொடருறவுக் கோட்பாடு’. க் விடுபட வேண்டாம்.