பழைய அலுமினியப் படகைக் கையைக் கடிக்காமல் சரிசெய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். எனக்குக் கிடைத்தது ரிவெட் (தகடுகளை இணைக்கிற ஆணி) அடித்த பன்னிரண்டடிப் படகு. கொல்லையில் கவிழ்த்துப் போட்டு, மேலே கொடி படர்ந்து கிடந்தது. "பெயின்ட் அடிச்சா புதுசாயிடும்" என்றார் விற்றவர். பெயின்ட் கடைசி வேலை, அதுவும் மனசிருந்தால். காசு போகவேண்டிய இடம் ரிவெட்டும், மோட்டார் மாட்டுகிற பின்பலகையும்தான்.

ஒழுகல் பார்க்கப் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள், தண்ணீரைப் படகுக்குள் ஊற்றுங்கள். அடியில் கட்டைகளை நெருக்கமாக முட்டுக்கொடுத்து, நாலு விரற்கடை நின்றால் போதும். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் அதற்கே சில நூறு கிலோ ஏறிவிடும். வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், தளர்ந்த ரிவெட்டின் தலையைச் சுற்றி முத்து முத்தாக வியர்க்கும். அந்த இடங்களை மார்க்கரால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வியர்க்கிற எல்லாவற்றையும் பிடுங்கி மாற்ற வேண்டியதில்லை. ஒருவர் வெளியே கனமான இரும்புக்கட்டையை ரிவெட் தலையோடு அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து வால்பக்கம் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். சத்தமே காட்டிக்கொடுக்கும். தளர்ந்தது "டொக்" என்கும், இறுகியது "டிங்" என்கும். மாற்றியே தீரவேண்டியதற்கு, கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற பாப் ரிவெட் வேண்டாம். அதன் நடுவில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியே தண்ணீர் வரும். முனை மூடிய ரகம் என்று கேட்டு வாங்கி, சீலண்டில் (நீர் புகாமல் அடைக்கிற பசை) தோய்த்து அடியுங்கள்.

பின்பலகையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பாதிவரை இறங்கிவிட்டது. உளுத்த ப்ளைவுட். பழைய பலகையையே அச்சாக வைத்துப் புதிதை வெட்டினோம். இங்கே ஓர் எச்சரிக்கை. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அரிபடுவது அலுமினியம்தான். நல்ல மரைன் ப்ளைவுட் வாங்கி, விளிம்பு, போல்ட் துளை உட்பட எல்லா இடத்திலும் எபாக்ஸி (காய்ந்து கெட்டியாகிற பிசின்) பூசுங்கள். தண்ணீர் உள்ளே போவதே அந்தத் துளைகள் வழியாகத்தான்.

*

அண்ணே, இருக்கைக்கு அடியில் இருக்கிற ஃபோமை விட்டுட்டீங்களே! என் படகை ரெண்டு பேரால் தூக்க முடியல. பிரிச்சுப் பார்த்தா அத்தனையும் தண்ணி குடிச்சு ஊறிப்போயிருந்துச்சு. எடுத்தாச்சு, லேசாயிடுச்சு. ஆனா சும்மா விட்டுடக் கூடாது, தண்ணி ஏறினாலும் படகு முழுகாம இருக்கிறது அந்த ஃபோமாலதான். நீர் உறிஞ்சாத ரகமாப் பார்த்துப் போட்டேன்.

*

வெடிப்பை அடைக்க கேஸ் டார்ச் எடுக்க நினைப்பவர்களுக்கு: அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது. சுமார் 600-650 டிகிரியில் முன்னறிவிப்பு இல்லாமல் உருகி விழும். என் மச்சான் மயிரிழை வெடிப்பை அடைக்கப் போய், கை நுழைகிற ஓட்டையோடு வந்து நின்றார். பழைய தகட்டுத் துண்டில் பழகிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் வெல்டரிடம் விடுங்கள். அந்தக் காசு தண்டமில்லை.

*

பெயின்ட் பற்றி ஒரு சந்தேகம். தேய்த்துவிட்டு நேராக அடிக்கலாமா?

*

கூடாதுங்க. தேய்த்த சில நிமிஷத்திலேயே அலுமினியத்தின் மேல் ஆக்ஸைடு படலம் கட்டிவிடும், பெயின்ட் ஒட்டாமல் உரியும். எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பெயின்டுக்குப் பிடிப்பு தருகிற அடிப்பூச்சு) அடித்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கிற பெயின்ட் என்றால், டப்பாவைப் படித்துப் பார்த்துச் செம்பு இல்லாததாக வாங்குங்கள்.

செம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. என் படகின் தரைப்பலகைக்கு அடியில் ஒரு செம்புக் காசு கிடந்தது. அதை எடுத்தால், அதே அளவில் வட்டமாகத் தகடு வெள்ளை பூத்துக் குழிந்திருந்தது. ஒயர் துண்டு, ஈயக்குண்டு, துருப்பிடித்த ஆணி என்று கிடந்ததையெல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் புதுப் பலகை போட்டேன்.