மூடுபனித் துளிகளோடு போய்விடும் எண்ணெய்ப் படலம்: வழி கூற வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில், மூடுபனியிலிருந்து நீர் பிடிப்பதற்காக, நுண்ணிய சொரசொரப்பு ஏற்றி நீர் ஒட்டாதபடி பூச்சிட்ட அலுமினியத் தகட்டில் சிலிக்கோன் எண்ணெயை ஊறவைத்து நிறுத்தியிருக்கிறேன். குடுவைத் தாவரத்தின் வழுக்கும் விளிம்பை முன்மாதிரியாகக் கொண்டு, ஹார்வர்டில் ஜோனா ஐசன்பெர்க் குழுவினர் 2011இல் வெளியிட்ட முறையே இது.

முதல் வாரம் துளிகள் நிற்காமல் வழுக்கி ஓடின. இப்போதோ தகட்டின் மேற்பகுதியில் அவை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கைவில்லையால் பார்த்தால், ஒவ்வொரு துளியின் அடியைச் சுற்றியும் எண்ணெய் சிறு வரப்பாக எழும்பியிருப்பதும், துளி நகரும்போது அந்த வரப்பும் கூடவே போவதும், படலம் மெலிந்த இடங்களில் வானவில் நிறங்கள் ஓடுவதும் தெளிவாகத் தெரிகின்றன.

நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், இந்த எண்ணெயினுடையது சுமார் 20. இரண்டுக்கும் இடையிலான இடைமுக இழுவிசையையும் சேர்த்துக் கணக்கிட்டால், எண்ணெய் துளியின் மேலேறிப் போர்வையாக மூடிக்கொள்ளும் என்றே விடை வருகிறது. அந்தப் போர்வையும் வரப்பும்தான் எண்ணெயைக் கொண்டுபோகின்றன என்று கருதுகிறேன். பிடிக்கும் நீரைச் செடிகளுக்கு ஊற்றுவதால் இது எனக்குப் பெருங்கவலை.

பாகுத்தன்மை கூடிய எண்ணெய்க்கு மாறினால் இழப்பு குறையும். ஆனால் துளியின் வேகமும் குறையுமே. சொரசொரப்பை இன்னும் நுண்ணியதாக்கி நுண்புழை விசையால் (நுண்ணிய இடுக்குகள் திரவத்தை இழுத்துப் பிடிக்கும் விசை) எண்ணெயைப் பிடித்துவைப்பது மேலா, துளியைப் போர்த்தாத வேறு எண்ணெயைத் தேடுவது மேலா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.