வீட்டு சிடி, டிவிடிகளுக்குப் பட்டியல் போட்ட அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

மாம்பலம்வாசி:

வீடு மாற்றப் போகிறோம். "எது வேணுமோ எடுத்து வச்சுக்கோங்க, மிச்சத்தைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடறேன்" என்று வீட்டில் உத்தரவு. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க விசிடி, டிவிடி, கொஞ்சம் ப்ளூரே. பாதி அப்பா தி.நகரிலும் ஸ்பென்சர் பிளாசாவிலும் வாங்கியது, மீதி என் கைங்கர்யம். தூக்கிப் போடுவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்றாவது தெரியட்டும் என்று எக்செல்லைத் திறந்தேன்.

எண் போடுவதிலேயே சிக்கல். எண் படத்துக்கா, டிஸ்க்குக்கா? விசிடி ஒன்றில் 74 நிமிஷம்தான் அடங்கும். நம் படங்கள் இரண்டு டிஸ்க் கேட்கும், நீளமான படம் என்றால் மூன்று. டிவிடி வந்ததும் கதை தலைகீழ். 2006-07 வாக்கில் மோசர் பேர் என்ற டிஸ்க் கம்பெனிக்காரர்கள் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கினார்கள். அந்த அலையில்தான் எங்கள் வீட்டில் குவிந்தது. அப்புறம் த்ரீ இன் ஒன். ஒரே டிவிடியில் மூன்று படம், அதில் அம்மாவுக்கு வேண்டியது நடுப்படம் மட்டும். ஆக, ஒரு படம் மூன்று டிஸ்க்கில், மூன்று படம் ஒரு டிஸ்க்கில். படத்துக்கு எண் கொடுத்தால் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. எண்ணை டிஸ்க்குக்குக் கொடுத்து, படங்களைத் தனிப் பக்கத்தில் எழுதி, பெயருக்கு எதிரே எந்தெந்த டிஸ்க் என்று குறித்தேன். அதற்குப் பிறகு வேலை ஓடியது.

ஒரே பெயர்ப் படங்கள் இன்னொரு தொல்லை. பொல்லாதவன் 1980-லும் உண்டு, 2007-லும் உண்டு. படிக்காதவன் 1985, 2009. தங்கமகன் 1983, 2015. அப்பா பொல்லாதவன் கேட்டால் எது என்று எனக்குத் தெரியும்; எக்செல்லுக்குத் தெரியாதே. அதனால் ஆண்டைப் பெயரோடு ஒட்டியே எழுதிவிட்டேன். அட்டையில் இருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம், அது பல நேரம் டிஸ்க் வெளியிட்ட ஆண்டு. படம் தொடங்கும்போது தணிக்கைச் சான்றிதழ் வருமே, அங்கே நிறுத்திப் பாருங்கள்.

சான்றிதழில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்.எம். ஃபிலிம் நிமிஷத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4000 மீட்டர் என்றால் 146 நிமிஷம். டிஸ்க்கில் 125 நிமிஷம்தான் ஓடுகிறது என்றால் பாட்டிலோ காமெடியிலோ கத்தரி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் த்ரீ இன் ஒன்களில் இது சகஜம். அவற்றுக்கு எதிரே 'குறை' என்று எழுதினேன். பேப்பர்காரருக்கு முதலில் போகப்போவது அவைதான்.

உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்?

பெரம்பூர்க்காரன்:

மீட்டர் கணக்கு நல்ல யோசனை. ஆனால் ஒன்று கவனியுங்கள். டிஸ்க் பால் (PAL) என்கிற டிவி முறையில் இருந்தால், நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தைப் பெரும்பாலும் 25 ஆக ஓட்டிவிடுவார்கள். உங்கள் 146 நிமிஷம் அங்கே 140 ஆகிவிடும், ஒரு காட்சிகூட வெட்டாமலே. என்.டி.எஸ்.சி. (NTSC) என்கிற இன்னொரு டிவி முறை டிஸ்க்கில் இந்த வேக மாற்றம் கிடையாது. 'குறை' என்று எழுதுவதற்கு முன்னால் அது எந்த முறை என்று பார்த்துவிடுங்கள். பேப்பர்காரர் திருப்பித் தரமாட்டார்.

நான் போனில் பார்கோடு அடித்தால் எல்லாம் தானாக ஏறிவிடும் என்கிற ஆப்பில் ஆரம்பித்தேன். ஆங்கிலப் படங்கள் டக் டக்கென்று ஏறின. 890-இல் தொடங்கும் நம் ஊர்க் கோடு வந்தாலே 'கிடைக்கவில்லை'. சிலவற்றில் பார்கோடே இல்லை. கடைசியில் கையால்தான் தட்டினேன்.

அந்த நாட்களில்தான், தரமணி திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படிக்கும் ஒரு பெண், எங்கள் அத்தை மகளின் தோழி, ஒரு பழைய படம் கேட்டு வீட்டுக்கு வந்தது. அட்டையைப் பார்க்கவே இல்லை. டிஸ்க்கைக் குப்புறத் திருப்பி, ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்து, நடு ஓட்டையைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பார்த்தது. "அண்ணா, இது பிரஸ் பண்ணது. இது ரைட் பண்ணது, இதை முதல்ல காப்பி எடுத்துடுங்க." தொழிற்சாலையில் அச்சடித்த டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ இருக்கும். வளையத்தில் ஐ.எஃப்.பி.ஐ. என்ற எழுத்தும், அதை அடுத்து எந்த ஆலை என்று காட்டும் குறியீடும் பொடியாகப் பொறித்திருப்பார்கள், லென்ஸ் வைத்தால் படிக்கலாம். எழுதிய டிஸ்க் ஊதாவோ பச்சையோ அடிக்கும், ஏனென்றால் அதில் படம் இருப்பது ஒரு சாயத்தில். வெயிலிலும் வெக்கையிலும் அது வெளிறும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

அட்டை எவ்வளவு பளபளத்தாலும், பர்மா பஜாரில் வாங்கிய என் 'ஒரிஜினல்'களில் பல ஊதாதான். 'அச்சு / எழுதியது' என்று ஒரு பத்தி சேர்த்தாயிற்று.

சைதை வெங்கடேசன்:

எங்கள் வீட்டில் பட்டியல் போட வைத்தது 2015 டிசம்பர் வெள்ளம். அடையாறு கூடத்துக்குள் வந்து போனதில் கீழ் ரேக்கில் இருந்த அத்தனையும் சேற்றில். அட்டைகள் கூழ். டிஸ்க் மட்டும் மிஞ்சியது.

காகித உறையில் இருந்தவை பாடாய்ப் படுத்தின. உறை காய்ந்து டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் தம்பி ஒரு விசிடியின் உறையைப் பிய்த்தான். வெள்ளிப் பூச்சும் காகிதத்தோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் விரல் வைத்தால் மறுபக்கம் விரல் தெரிந்தது. விசிடியில் படம் பதிந்திருப்பது லேபிளுக்கு அடியிலேயே, மேலே மெல்லிய பூச்சு மட்டும். டிவிடியில் 0.6 மி.மீ. தகடுகள் இரண்டுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. மிச்ச விசிடிகளை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, உறை தானாகக் கழன்ற பிறகு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தோம். வட்டமாகத் துடைக்கக் கூடாது. கீறல், படம் பதிந்திருக்கும் வட்டத் தடத்தோடு போனால் பிளேயரால் சமாளிக்க முடியாது.

பல டிஸ்க்குகளில் லேபிளே போய்விட்டதால் என்ன படம் என்று தெரியவில்லை. பின் தெருவில் சிடி வாடகைக் கடை நடத்திய அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்தார். டைட்டில் வரும்வரை காத்திருக்கவே மாட்டார். ஒரு காட்சி, பின்னால் ஒரு கார், கதாநாயகியின் கொண்டை, பெயரைச் சொல்லிவிடுவார். ஆண்டில் மட்டும் சில சமயம் தடுமாறுவார், அதை நாங்கள் சரிபார்த்துக்கொண்டோம். அவர் கடையில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தாராம், நாயகன் பெயரில் பக்கம் பிரித்து. "பேரைச் சொல்லி எவன் கேட்டான்? ரயில் மேல சண்டை போடுவாரே, அந்தப் படம்னுதான் கேப்பாங்க." அதனால் அந்த நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'எப்படிக் கேட்பார்கள்' என்று ஒரு வரி இருக்குமாம். எந்த ஆப்பிலும் நான் பார்க்காத விஷயம். எங்கள் பட்டியலில் இப்போது அது உண்டு. அதிகம் உபயோகப்படுவதும் அதுதான்.

குரோம்பேட்டை கீதா:

சினிமாவை விடுங்கள், கல்யாண டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதை முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் பழைய விஎச்எஸ் கேசட்டுகளை ஒரு ஸ்டுடியோவில் டிவிடியாக மாற்றி வாங்கினோம். மேலே மார்க்கரில் 'மேரேஜ்' என்று மட்டும் எழுதியிருந்தது. யாருடைய மேரேஜ்? மூன்று சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். இரண்டு டிஸ்க் எதிலுமே ஓடவில்லை. விசாரித்ததில், ரெக்கார்டரில் எழுதிவிட்டுக் கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற பிளேயர்களும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்து வைக்காமல், கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்படிச் செய்யாத டிஸ்க்கைப் பல பிளேயர்கள் படிக்காது. கணினியில் அதற்கென்று உள்ள மென்பொருளைப் போட்டுத்தான் மீட்டோம். விஎச்எஸ் பிளேயர் தயாரிப்பும் 2016-இல் நின்றுவிட்டது, அதனால் மூலக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பட்டியலில் நாங்கள் போட்டது: யார், எந்த மண்டபம், எந்த நிமிஷத்தில் யார் வருகிறார்கள். பாட்டி வரும் நிமிஷங்கள் மட்டும் தனியாக.

மாம்பலம்வாசி:

பெரம்பூர்க்காரரே, நல்ல வேளை சொன்னீர்கள். 'குறை' குவியலிலிருந்து சில பால் டிஸ்க்குகள் திரும்ப பீரோவுக்குப் போயிருக்கின்றன.

பெயர்களைத் தமிழிலேயே ஏற்றுங்கள் என்பது என் பரிந்துரை. அட்டையில் ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பதால், ஒரே படத்தின் இரண்டு பிரதி பட்டியலில் இரண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். தமிழிலும் ஒரு சின்னச் சிக்கல்: கணினியில் எழுத்துகளுக்கு இருக்கும் யூனிகோடு எண்படி அடுக்கும் ஆப்பில் ஜ, ச-வுக்கு அடுத்து வந்துவிடும். நாம் கடைசியில் தேடுவோம்.

சைதைக்காரர் சொன்ன 'எப்படிக் கேட்பார்கள்' பத்தியை இன்று சேர்த்து, அம்மாவைச் சொல்லச் சொல்லி நான் தட்டினேன். பல படங்களுக்கு எதிரே இப்போது இருப்பது 'உங்கப்பா தூங்கிட்ட படம்'. ஒரே விவரம் இத்தனை படத்துக்கு இருந்தால் எப்படித் தேடுவது என்று கேட்டேன். "எந்தத் தியேட்டர்ல தூங்கினார்னும் சேர்த்துக்கோ" என்கிறார்.