ரொட்டேஷனல் கிரேசிங்: சுழலா, முறையா, ஆறலா?

வேலூர் கால்நடை மருத்துவர், திங்கள் இரவு 9.40

சொல்லாக்கக் குழு அன்பர்களே, வணக்கம். கொஞ்சம் அவசரம். வியாழன் மாலைக்குள் 24 பக்கக் கையேடு ஒன்று அச்சுக்குப் போக வேண்டும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் பத்து, பதினைந்து ஆடு வைத்திருக்கும் பெண்களுக்கான பயிற்சி. அதில் 'ரொட்டேஷனல் கிரேசிங்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும்.

விஷயம் இதுதான். இரண்டு ஏக்கர் கொல்லையை 25 சென்ட் வீதம் எட்டுத் துண்டாகத் தடுக்கிறோம். ஒரு துண்டில் நாலு நாள் மேய்ச்சல், அப்புறம் அடுத்தது. மந்தை மறுபடி முதல் துண்டுக்கு வரும்போது அதற்கு 28 நாள் ஓய்வு கிடைத்திருக்கும்.

பாடநூலில் 'சுழற்சி முறை மேய்ச்சல்' என்று இருக்கிறது. போன மாதம் அதைக் கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "இன்னாம்மா, செக்கு மாடு மாதிரி ஆடு சுத்திச் சுத்தி வரணுமா?" என்று கேட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் சொல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறார் என்று பட்டது.

ஆரணித் தமிழாசிரியர் (ஓய்வு), செவ்வாய் காலை 5.15

அம்மா, சுழல் என்ற சொல்லுக்கு என்ன குறை? 'சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்' என்று வள்ளுவரே உழவு அதிகாரத்தின் வாசலில் வைத்திருக்கிறார். பரிமேலழகர் அங்கே வட்டமடித்தல் என்று பொருள் கொள்ளவில்லை. பிற தொழில்களைச் செய்து திரிந்தும் என்கிறார். ஆகவே சுழல்தல் என்றால் இடம் மாறித் திரிதல். செக்கு மாடு நாம் பின்னால் கட்டியது.

ஆனால் 'சுழற்சி முறை மேய்ச்சல்' மூன்று பெட்டி ரயில் மாதிரி இருக்கிறது. சுழல், மேய்ச்சல் இரண்டும் போதும். புணர்ச்சி விதிப்படி லகரம் மகரத்தின் முன் னகரமாகும்: கல், மலை, கன்மலை; நால், மறை, நான்மறை. எனவே 'சுழன்மேய்ச்சல்'.

மேய் என்ற வேரையும் பாருங்கள். 'மாயோன் மேய காடுறை உலகமும்' என்கிறது தொல்காப்பியம். அந்த 'மேய'வுக்குப் புல் தின்ற என்றா பொருள்? விரும்பி உறைந்த என்று பொருள். விரும்பிய இடத்தில் தங்கித் தின்பதே மேய்தல் என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

குடியாத்தம் ஆட்டுக்காரர், செவ்வாய் காலை 11.30

ஐயா, கோவிக்காதீர்கள். சுழல்தல் திரிதல் என்றால் அந்தச் சொல் நமக்கு ஆகவே ஆகாது. ஆட்டைத் திரிய விடக் கூடாது என்பதுதானே டாக்டரம்மா சொல்ல வருவது?

திரிய விட்டால் என்ன ஆகும் என்று என் கொல்லையிலேயே பார்த்துவிட்டேன். ஆடு முதலில் கொழுக்கட்டைப் புல்லைத்தான் தேடிப் போகும். அது ரெண்டு அங்குலம் துளிர்ப்பதற்குள் மறுபடி அங்கேயே வாய் வைக்கும். மூணு வருஷத்தில் கொழுக்கட்டை போய்விட்டது; ஆவாரையும் பார்த்தீனியமும்தான் மிச்சம்.

நம்மிடம் கிடை இருக்கிறதே. அறுவடை முடிந்த கழனியில் ராத்திரிக்கு ஆட்டை மடக்கி, மறுநாள் படலைப் பிடுங்கிப் பக்கத்தில் நட்டு, அப்படியே கழனி முழுக்க எருப் போட வைப்பார்கள். என் தாத்தா அதற்கு நெல் கூலி வாங்கினார். 'படல் மாற்று மேய்ச்சல்' என்று வையுங்கள், எங்கள் பக்கம் பொடிசுகளுக்கும் புரியும்.

வேலூர் கால்நடை மருத்துவர், செவ்வாய் மதியம் 2.05

படல் அழகான சொல். ஆனால் கிடையில் ஆடு படுக்கிறது, மேய்வதில்லை. அது நிலத்துக்கு எரு போடும் ஏற்பாடு. இது புல்லுக்காக. தவிர, பயிற்சிக்கு வருகிறவர்கள் பழைய மீன்வலையைக் கட்டித்தான் தடுக்கிறார்கள், படல் இல்லை.

வாலாஜாபேட்டை, இப்போது பெங்களூரு, செவ்வாய் மாலை 6.50

ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துத்தானே விடுகிறோம்? இன்று உன் கழனி, நாளை என் கழனி. 'முறை மேய்ச்சல்' என்றால் முடிந்தது.

இல்லை, 'ரொட்டேஷன் மேய்ச்சல்' என்றே விட்டுவிடுங்கள். மோட்டார், போர், பம்ப்செட் எல்லாம் சொல்கிற வாய்க்கு ரொட்டேஷன் பாரமா? பஞ்சாயத்தில் குடிதண்ணீர் விடுவதையே ரொட்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள். தூய சொல்லுக்காக யாரும் ஆடு வளர்க்கவில்லை.

ஆரணித் தமிழாசிரியர், செவ்வாய் இரவு 8.20

தம்பி, மோட்டார் பொருளின் பெயர், வந்த பொருளோடு பெயரும் வந்தது. இது செய்முறையின் பெயர். ஆடு நம்முடையது, புல் நம்முடையது, மேய்ப்பதும் நாம். சொல் மட்டும் இரவலா?

'முறை மேய்ச்சல்' என்றால் முறையான மேய்ச்சல் என்று படிப்பார்கள். மற்றவர்கள் முறைகேடாக மேய்க்கிறார்களா என்று கேள்வி வரும். முறைப்பெண், முறைமாமன் வரை போகும்.

இன்னொன்றை எல்லோரும் தவற விட்டீர்கள். மேய்தல் ஆட்டின் தொழில், மேய்த்தல் ஆளின் தொழில். எட்டுத் துண்டாகப் பிரித்து மாற்றுவது ஆள். ஆகவே சொல்லின் ஈறு பிறவினையாக இருக்க வேண்டும். என் 'சுழன்மேய்ச்ச'லையும் 'சுழன்மேய்ப்பு' என்று திருத்திக்கொள்கிறேன்.

வேலூர் கால்நடை மருத்துவர், புதன் காலை 7.00

பிறவினை பற்றி ஐயா சொன்னது எனக்கு உண்மையிலேயே உதவியது.

ஒரு விளக்கம் சொல்கிறேன், அதிலிருந்து சொல் கிடைக்கிறதா பாருங்கள். குடற்புழுவின் முட்டை புழுக்கையோடு விழுகிறது. ஈரமும் சூடும் இருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தொற்றும் பருவத்துக்கு வளர்ந்து புல் நுனிக்கு ஏறிவிடும். நாலாம் நாளே ஆட்டை நகர்த்தினால் தன் புழுவைத் தானே தின்னாது. ஆடில்லாத நாட்களில் வெயில் பட்டுப் புழுவில் பெரும்பகுதி சாகும். போன ஐப்பசியில் ஒரு வீட்டில் ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், உரித்த வெங்காயம் மாதிரி வெளுத்திருந்தது. தாடைக்குக் கீழே நீர் தொங்கியது. புழுமருந்து மூன்று முறை கொடுத்தாயிற்று என்றார்கள். மருந்து கொடுத்து அதே 30 சென்ட்டுக்குள் மறுபடி விட்டால் எப்படித் தீரும்?

ஆக, ஆடு நகர்வது பாதி விஷயம்தான். நிலம் சும்மா கிடப்பது மீதிப் பாதி. நீங்கள் சொன்ன சொல் எல்லாமே ஆட்டின் பின்னாலேயே ஓடுகின்றன.

'பேடக்', அதாவது தடுத்துப் பிரித்த ஒவ்வொரு பகுதி, அதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள். 'அடைப்பு' வேண்டாம். கிடாய்க்கு மூத்திர அடைப்பு என்றுதான் எனக்குத் தினமும் போன் வருகிறது.

குடியாத்தம் ஆட்டுக்காரர், புதன் காலை 9.10

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முறத்தில் வேர்க்கடலை தோலுரித்துக்கொண்டே, "அதுக்கு எதுக்குடா பேரு? கொல்லைய ஆறவுட்டு மேய்க்கறது" என்றார்.

ஆறவிட்டு மேய்த்தல். அவ்வளவுதான் ஐயா.

பேடக்குக்குத் துண்டு போதும். டாக்டரம்மா முதல் மடலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

ஆரணித் தமிழாசிரியர், புதன் காலை 9.55

அடடா! ஆறு! சூடு ஆறும், புண் ஆறும், 'ஆறுவது சினம்' என்று ஔவை. ஆறு என்றால் வழி, ஆறு என்றால் நதி, ஆறு என்றால் எண். நம் ஊர்ப் பெயரையே எடுங்கள். ஆறு காடு சேர்ந்து ஆற்காடு என்பார் ஒருசாரார். ஆர் என்றால் ஆத்தி, ஆத்திக்காடே ஆர்க்காடு என்பார் மற்றொரு சாரார். நற்றிணையில் 'அரியலங் கழனி ஆர்க்காடு' வருகிறது; அது நம்முடையதா, சோழ நாட்டில் வேறொன்றா என்பது தனிச் சண்டை. ஆனால் பாருங்கள், கழனி என்ற சொல் இன்றும் நம் பக்கம் பேச்சில் இருக்கிறது. தெற்கே வயல் என்றாகிவிட்டது. 1989-இல் வட ஆர்க்காட்டைப் பிரித்தபோதே

(அம்மா அழைக்கிறார்கள், மீதி பிறகு.)

வாலாஜாபேட்டை, இப்போது பெங்களூரு, புதன் மதியம் 1.15

ஐயா, 2019-இல் வேலூர் மாவட்டத்தை மறுபடி மூன்றாகப் பிரித்து எங்களை ராணிப்பேட்டைக்கு அனுப்பியதையும் மறக்காமல் எழுதுங்கள்.

'ஆறவிட்டு மேய்த்தல்' பேச்சுக்குச் சரி. ஆனால் இது சொற்றொடர், சொல் இல்லை. பொருளடக்கத்தில் எப்படிப் போடுவீர்கள்? ஒன்று ஒப்புக்கொள்கிறேன், இதற்கு எதிர்ச்சொல் தானாகவே கிடைக்கிறது: 'ஆறவிடாமல் மேய்த்தல்'. சுழற்சிக்கு எதிர்ச்சொல் கேட்டால் 'தொடர் மேய்ச்சல்' என்கிறார்கள். தொடர் என்றாலே டிவி சீரியல்தான் நினைவுக்கு வருகிறது.

காங்கேயத்தில் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், இப்படித்தான் காடு மாற்றி மேய்ப்பார்களாம். அங்கே இதற்குச் சொல் இருக்குமே, யாராவது கேட்டீர்களா?

(பதில் இல்லை.)

வேலூர் கால்நடை மருத்துவர், வியாழன் மாலை 4.30

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இதுவரை வந்த கணக்கு: ஆறவிட்டு மேய்த்தல் 5, சுழற்சி முறை மேய்ச்சல் 3, முறை மேய்ச்சல் 2, சுழன்மேய்ப்பு 1. பயிற்சியை நடத்துகிறவர்கள், தலைப்பில் பாடநூல் சொல்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஒப்புதல் கிடைக்காது என்கிறார்கள். அதனால் அட்டையில் 'சுழற்சி முறை மேய்ச்சல்'. உள்ளே முதல் பக்கத்திலிருந்து 'ஆறவிட்டு மேய்த்தல்', துண்டு, ஆறும் நாள். 'ஸ்டாக்கிங் டென்சிட்டி'க்குச் சொல்லே வைக்கவில்லை, 'ஒரு துண்டுக்கு எத்தனை ஆடு' என்று எழுதிவிட்டேன்.

ஆரணித் தமிழாசிரியர், வியாழன் இரவு 10.40

அந்த ஒரு வாக்கு என்னுடையது என்பதைப் பதிவு செய்கிறேன். அட்டையில் ஒன்று, உள்ளே ஒன்று என்பது எனக்கு உடன்பாடில்லை.

'ஒரு துண்டுக்கு எத்தனை ஆடு' என்பதற்கு 'மந்தைச்செறிவு' எப்படி?

குடியாத்தம் ஆட்டுக்காரர், வெள்ளி காலை 6.05

ஐயா, செறிவு வேண்டாம். நெரிசல் என்று வையுங்கள். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு வந்தால் காட்டுகிறேன்.